எண்ணெய் வீடு திரும்பும் வரை

வண்டி நின்ற பிறகும் அக்கா இறங்குவதில்லை. கியரை நியூட்ரலில் தள்ளி, கைபிரேக்கை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு கண்களைப் பாதி மூடுகிறார். இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. மேடேறி வந்த மூச்சிரைப்பு அதன் குரலில் இன்னும் இருக்கிறது. பின்னால் இருக்கும் பெண்கள் சாப்பாட்டுப் பைகளைத் தேடி எடுத்து, கலைந்த முடியை ஒதுக்கி, இருக்கைக்கு அடியில் ஓடிப்போன செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொள்ளும் நேரம் அது. பிறகு சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் அடங்குகிறது. அப்போதும் இறங்குவதில்லை. சூடான இரும்பு சுருங்கும்போது எழும் டிக், டிக் என்ற ஓசையை, தூரத்துக் கதவை யாரோ தட்டுவதைக் கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா, கனவா?" என்று முன்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

"ஆறட்டும்."

நாளுக்கு எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொல்கிறாரோ தெரியாது. கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. மேட்டின் உச்சியில் இருக்கும் ஆலைக்குக் காலையில் பெண்களை ஏற்றிச் சென்று மாலையில் இறக்கிக்கொண்டு வரும் வேனுக்கு அவர்தான் டிரைவர். ஆலை முழுக்க அவர் 'ஆறட்டும் அக்கா'. ஆலைக்குப் பக்கத்து அச்சகத்தில் எனக்கு வேலை என்பதாலும், அக்கா குடியிருக்கும் கட்டடத்திலேயே நானும் குடியிருப்பதாலும், கடைசி இருக்கையின் ஓரம் எனக்கென்று ஒதுக்கப்பட்டது.

நல்ல உயரம், அகன்ற தோள். சேலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் முழுக்கைச் சட்டை. அதன் வலப்பக்கப் பை மட்டும் அளவுக்கு மீறி ஆழமானது. எண்ணெய் அளக்கும் கம்பியைத் துடைக்கும் துணி அதில் இருக்கும். அந்தத் துணி ஒவ்வொரு வாரமும் நிறம் மாறும். கணவர் தையற்காரர். வெட்டி மிஞ்சியதெல்லாம் இங்கே வந்துவிடும். ஒரு வாரம் பூப்போட்டது, ஒரு வாரம் கட்டம் போட்டது. "எங்க இன்ஜினு போடாத துணி இல்ல" என்பார் அக்கா.

இன்னொரு பழக்கம். எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். பானட்டை, ரேடியேட்டர் மூடியை, ஏன், கடைக்காரர் நீட்டும் தேநீர்க் குவளையைக்கூட. "உள்ளங்கை சுட்டா இழுத்துப் பிடிச்சுக்கும். புறங்கை சுட்டா விலகிக்கும். உள்ளங்கைக்கு அவசரம் ஜாஸ்தி" என்பது அவர் விளக்கம். உலகத்தையே ஆறப்போடுகிற இந்த மனுஷி, தேநீரை மட்டும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார். கேட்டால், "உள்ள ஆயில் இருக்கில்ல" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் ஒருநாள் கேட்டாள். "இன்ஜின ஆத்துறது தண்ணிதானேக்கா? அதான ரேடியேட்டர்ல ஊத்துறாங்க? ஆயிலு வழுக்குறதுக்குத்தானே?"

வேன் அப்போதுதான் உச்சிக்கு வந்து நின்றிருந்தது. சன்னல்களை மூடுபனி துடைத்துக்கொண்டு போயிற்று. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"தண்ணி விருந்தாளி மாதிரிடி. வெளிச்சுவத்த ஒட்டிச் சுத்தி வரும். 'என்னங்க, இவ்வளவு சூடா இருக்கீங்க'ன்னு நலம் விசாரிக்கும். கொஞ்சம் சூட்ட வாங்கிக்கிட்டு ரேடியேட்டருக்குப் போயிடும். அதுவும் பெரிய வேலைதான், இல்லன்னு சொல்லல. ஆனா அடுப்படிக்குள்ள வராது. பிஸ்டனோட அடிவயிறு, பேரிங்கு சந்து, அங்கெல்லாம் யாரு போறா? ஆயிலுதான். நம்மள மாதிரி. எல்லா ரூமுக்கும் போகணும், உரசிக்கிறவங்க நடுவுல பூந்து வழுக்கிக் கொடுக்கணும், எல்லாரு சூட்டையும் வாங்கிக்கணும். கடைசியா கீழ எண்ணெய்த் தொட்டியில வந்து உக்காந்து கொஞ்சம் காத்து வாங்கணும். உக்காந்தமா இல்லையான்னு தெரியுறதுக்குள்ள பம்ப்பு இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"அப்ப எங்க வீட்டுப் பம்ப்பு எங்க மாமியார்தான்" என்றாள் முன்சீட்டுக்காரி. வேன் சிரிப்பில் ஆடியது. அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ரேடியோ'. நிறுத்தும் குமிழ் கழன்றுபோன ரேடியோ.

புதியவள் விடவில்லை. "எங்க அண்ணன் ஸ்கூட்டர்ல தண்ணியே கிடையாதே?"

"அது தண்ணி வசதி இல்லாத வீடு. வெளிய காத்து, உள்ள ஆயிலு. அங்க ஆயிலுக்கு இன்னும் வேலை ஜாஸ்தி." பிறகு விரலை உயர்த்தினார். "கேளு. இப்ப மேல மாடியில இருக்கு. மெதுவாப் படியிறங்குது. சூடா இருக்கிறப்போ நிறுத்தினா மாடியிலயே வெந்து கருகிடும், அதான் கொஞ்ச நேரம் ஓட விட்டேன். இப்போ ஒவ்வொரு சொட்டா வீட்டுக்கு வருது. எல்லாம் வந்து சேந்தப்புறம்தான் கணக்குப் பாக்கணும். வழியில இருக்கிறவங்கள விட்டுட்டுத் தலைய எண்ணினா குறையத்தான் செய்யும்."

அந்த நிமிடம் நான் அதைக் கண்டேன் என்றே சொல்வேன். இருட்டான இரும்பு வீடு ஒன்று. அதன் சுவர்களில் பொன்னிறமாக ஏதோ வழிகிறது. நெருப்பின் அடிப்பக்கத்தைத் தடவிவிட்டு வந்தது, அச்சுகளுக்கு இடையே நசுங்காமல் நழுவி வந்தது, ஏந்திய சூட்டோடு கீழ்த்தளத்துக்கு வந்து அமர்கிறது. வெளியே பனிக்காற்று தொட்டியின் அடியைத் தடவுகிறது. யாரும் பார்க்காத ஓய்வு. அந்த ஓய்வு இல்லாவிட்டால் மறுநாள் மேடு இல்லை.

மேட்டு ரூட்டு அவருக்கு எளிதில் கிடைத்ததல்ல. ஆண்டுக் கணக்கில் சமதரையில் சாமான் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டு வாங்கியது. "மேட்டுல ஏறுறப்போதான் வண்டி மனசு விட்டுப் பேசும். தரையில சும்மா தலையாட்டும்" என்பார். ஆனால் வாகனங்களைக் கவனிக்கும் மேற்பார்வையாளருக்கு முதல் நாளிலிருந்தே இது பிடிக்கவில்லை. வண்டி நின்ற பிறகும் இன்ஜின் ஓடுவது அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, டீசல் என்ன உங்க வீட்டுக் கிணத்துலயா ஊறுது?"

"மேடேறி வந்திருக்கு சார். ஆறட்டும்."

"மேட்டு ரூட்டு ஆம்பளைங்களுக்கே தண்ணி காட்டுது. இன்னொரு தடவை வழியில நின்னுச்சுன்னா ரூட்ட மாத்திடுவேன், சொல்லிட்டேன்."

'இன்னொரு தடவை' என்று அவர் சொன்னது, முன்பு ஒருமுறை ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய் வெடித்து வேன் நின்றதை. ரப்பர் பழசானால் வெடிக்கும். ஸ்டியரிங்கில் யார் கை இருக்கிறது என்று பார்த்து வெடிப்பதில்லை. அக்காவுக்கு முன்னால் அதே வேனை ஓட்டியவர் ஆறவிடாமல் ஓட்டி இன்ஜினையே இறுகிப்போக வைத்தார். அப்போது எல்லோரும் சாலையைக் குறை சொன்னார்கள், சுமையைக் குறை சொன்னார்கள், வெயிலைக்கூடக் குறை சொன்னார்கள். அவருடைய கையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு குழாய் வெடித்ததும் அக்காவின் கைராசி பேசப்பட்டது. கைராசி என்ற ஒன்று உலகத்தில் இருந்தால், அது ஏன் ஆண்களிடம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

இனி கணவரைச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். தரைத்தளத்துச் சன்னலோரம் தையல் மிஷின், கழுத்தில் அளவு நாடா, காதிடுக்கில் துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டி. கட்டைவிரல் எப்போதும் வெளிர்நீலமாகவே இருக்கும். நாள் தொடங்கியதும் முதல் வேலை, மிஷினின் ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் விடுவது. "வயித்துக்கும் மிஷினுக்கும் வஞ்சகம் பண்ணக் கூடாதுங்க. கூடப் போனா என்ன, வழியப்போகுது. துடைச்சுக்கலாம்" என்பார். தையல் மிஷினுக்கு அது உண்மைதான். அங்கே நெருப்பு இல்லை.

சென்ற மாதம் ஒரு மாலை அக்காவுக்குக் காய்ச்சல். வேனை எங்கள் கட்டட வாசலில் நிறுத்தினார். வழக்கம்போல உட்காரவும் இல்லை, கம்பியை எடுத்துப் பார்க்கவும் இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறிப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. நேரமாகிவிட்ட பதற்றத்தில், பானட்டைத் திறக்காமலே வண்டியை எடுத்தார்.

பாதி மேட்டில், சிவப்பாக எண்ணெய் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் இருந்த இடத்திலேயே நல்ல பிள்ளையாக நின்றது. விளக்கு மறுபடி சிமிட்டியது. அக்கா ஓரம்கட்டி உடனே நிறுத்தினார்.

"என்னக்கா?"

"ஆறட்டும்."

"இன்னிக்குமா? கேட்டைச் சாத்திடுவான்க்கா" என்றாள் ரேடியோ.

அது விளையாட்டில்லை. மணி அடித்த பிறகு வந்தால் ஆலையின் கதவு திறக்காது. அன்றைக்கு வேலை கிடையாது. இன்னும் கொஞ்சம்தான் மேடு, ஓட்டிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தி கெஞ்சினாள். அக்கா இறங்கிப் பானட்டைத் தூக்கினார். நானும் பின்னால் போய் நின்றேன். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்து பால்போலக் கிடந்தது. இன்ஜின் மட்டும் டிக், டிக் என்றது. புறங்கையால் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காத்திருந்து, பிறகு கம்பியை உருவினார். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி வெகுதூரம் ஏறியிருந்தது. அதில் பொன்னிறம் இல்லை. சோப்பு நுரை போலச் சிறுசிறு குமிழிகள்.

"கூடிப்போச்சு" என்றார் மெல்ல. "கூடிப்போனா கீழ சுத்துற தண்டு இத மத்து மாதிரிக் கடைஞ்சிடும். நுரையில என்ன இருக்கு? வெறும் காத்து. அது சூட்டையும் தூக்காது, பாரத்தையும் தாங்காது."

அப்போதுதான் எண்ணெய் ஊற்றும் மூடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கருத்த மூடியின் மேல் வெளிர்நீலமாக ஒரு கட்டைவிரல் ரேகை.

அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை இழுத்துப் பிடித்து, அதன் ஓரத்தால் அந்த நீலத்தைத் துடைத்துவிட்டார்.

கூடுதல் எண்ணெயை வடிக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரேடியோதான் முனகிக்கொண்டே தன் சாப்பாட்டைப் பக்கத்துக்காரியின் டப்பாவில் கொட்டிவிட்டு, காலி டப்பாவை நீட்டினாள். "வாழ்க்கைப்பட்டதுல இருந்து இந்த டப்பாவுக்கு இன்னிக்குத்தான் நல்ல சாப்பாடு." அக்கா வண்டிக்கு அடியில் படுத்துப் போல்ட்டைத் தளர்த்தி, டப்பா டப்பாவாக வடித்துப் பழைய கேனில் ஊற்றினார். மறுபடி கம்பி, மறுபடி காத்திருப்பு. இன்ஜின் பிழைத்தது. மேட்டை ஏறி முடித்தபோது கதவு சாத்தியிருந்தது. காவலாளி கைகளை விரித்தார். தலைகுனிந்து நிற்க ஒரு காரணமும் இல்லாத அத்தனை பெண்களும் தலைகுனிந்து நின்றார்கள். கடிகாரத்தைக் கண்டுபிடித்தவன் இதற்காகவா கண்டுபிடித்தான்?

மேற்பார்வையாளர் வெளியே வந்தார்.

"ஏன் நின்னுச்சு?"

"ஆயில் கூடிப்போச்சு சார்."

"யாரு ஊத்துனது?"

"வண்டி என் பொறுப்பு சார். காலைல பாக்காம எடுத்தது நான்."

"நான் அப்பவே சொன்னேன்ல? சில கைக்குச் சில ரூட்டு ஆகாது."

"கையில தப்பில்ல சார். பாக்காதது கண்ணு."

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலையே சாவி கை மாறியது. மேட்டு வேன் பழைய டிரைவரிடம் போயிற்று. அக்காவுக்குக் கீழே கிடங்குக்கும் கடைகளுக்கும் ஓடுகிற மூன்று சக்கரச் சாமான் வண்டி. காற்றால் ஆறுகிற சிறிய இன்ஜின். அவர் ஆண்டுக் கணக்கில் ஓட்டி விட்டுவிட்டு வந்த அதே வேலை.

மறுநாள் வேன் உச்சிக்கு வந்தது. பழைய டிரைவர் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பெண்கள் யாரும் எழவில்லை. காரணம் எதுவும் இல்லை, உடம்புக்குப் பழகிப்போயிருந்தது. பைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த டிக், டிக் ஓசையைக் கேட்டபடி இருந்தார்கள். மூடுபனி சன்னலைத் துடைத்துக்கொண்டு போயிற்று. அக்காவால் ஒருநாள் வேலையை இழந்த ரேடியோதான் முதலில் எழுந்தாள். நேராக மேற்பார்வையாளர் அறை வாசலுக்குப் போனாள்.

"சார், எங்க அக்காவ எப்ப அனுப்புவீங்க?"

"உங்க எல்லாரையும் நடுவழியில நிறுத்துனவம்மா அது."

"நிறுத்துச்சு. இவரு நிறுத்த மாட்டாரு, அதான் பயமா இருக்கு."

மறுநாளும் போய்க் கேட்டாள். அதற்கு மறுநாள் அவளோடு இன்னும் சிலர் போனார்கள். இன்றுவரை பதில் இல்லை. கேள்வியும் நிற்கவில்லை.

அக்கா கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. வேன் எங்கே என்று அவர் கேட்டபோது, "அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு" என்றாராம். மேட்டில் வேன் நின்றதும் கைராசிப் பேச்சும் பிறகு ஊர்வாயாக அவர் காதுக்கு எட்டின; ஏன் நின்றது என்பது மட்டும் எட்டவில்லை. நேற்று மாலை நான் படிக்கட்டில் உட்கார்ந்து அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. வெயில் சாய்ந்து சுவரெல்லாம் எண்ணெய் நிறத்தில் இருந்தது. தையற்காரர் கையில் எண்ணெய் டப்பாவோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"நீ உக்காரும்மா. இதுக்கு நான் பாக்குறேன்." கம்பியை உருவினார். "பாத்தியா, கோட்டுக்குக் கீழ இருக்கு. ஊத்தட்டுமா?"

"திரும்ப உள்ள விட்டுட்டு இப்படி வந்து உக்காருங்க."

"எதுக்கு?"

"ஆறட்டும்."

இருவரும் வண்டியின் பின்பலகையில் அருகருகே உட்கார்ந்தார்கள். இன்ஜினின் வரிவரியான இரும்பு மடிப்புகளுக்கு இடையே சூடு நடுங்கியபடி மேலே போயிற்று. அக்கா கண்களைப் பாதி மூடிக்கொண்டு அவருக்குச் சொன்னார். மாடியில் இருக்கிறது, படியிறங்குகிறது, கூடத்துக்கு வந்துவிட்டது. அவர் ஏதோ கதை கேட்கிறவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா பையிலிருந்து கட்டம் போட்ட துணியை எடுத்து நீட்டினார்.

"இப்பப் பாருங்க."

அவர் கம்பியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எண்ணெய் மேல்கோட்டில் பொன்னாக நின்றது.

"இதென்ன, நான் எதுவும் ஊத்தலையே?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கம்பியைப் பார்த்தார். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு… நீ காய்ச்சல்ல மேல போனதும் பாத்தேன். கீழ இருந்துச்சு. ஊத்தினேன். அப்பவும் கீழதான் இருந்துச்சு. சரின்னு டப்பா முழுசும்…"

அக்கா கம்பியை வாங்கித் திரும்ப உள்ளே விட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"மூடியில நீலமா இருந்துச்சு."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காதுவரை ஏறியது. சட்டென்று எழுந்தார். "நான் இப்பவே போய்ச் சொல்றேன் அவருகிட்ட. உன் கை இல்ல, என் கைன்னு. உன் ரூட்டு என்னால போச்சா? நான் என்ன…" செருப்பைக்கூட மாட்டாமல் இரண்டடி நடந்தார்.

"என்னங்க."

அவர் நின்றார். அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்து, பழையபடி பக்கத்தில் உட்கார வைத்தார். டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி, மூடியை இறுக்கிக் கீழே வைத்தார். அவர் முகம் கனன்றுகொண்டிருந்தது. அக்கா கையைத் தூக்கி, திருப்பி, புறங்கையை அவர் கன்னத்தில் வைத்தார். பிறகு அதை எடுக்கவே இல்லை.